பட்டறைக் கத்தியின் தரத்தை மலைக் கேரட்டிடம் கேளுங்கள்

கேள்வி இதுதான்: "குன்னூரில் இருக்கிறோம். கோத்தகிரிப் பக்கம் ஒரு பட்டறையில் சொல்லி வைத்து, லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த சமையல் கத்தி ஒன்று வாங்கினோம். அலகு எட்டு அங்குலம். தாளை வைத்தால் சர்ரென்று வெட்டுகிறது. ஆனால் கேரட் நறுக்கினால் பிளக்கிறது. வெங்காயம் கறுக்கிறது. இரண்டே நாளில் அலகில் சாம்பல் நிறத் திட்டுகள் வந்துவிட்டன. இரும்பு வாடை அடிக்கிறது என்று அத்தை அதைத் தொடவே மாட்டேன் என்கிறார். கத்தி நல்லதுதானா? வீட்டில் எப்படிச் சோதித்துப் பார்ப்பது?"

நீங்கள் எழுதியிருப்பவற்றில் கவலைப்பட வேண்டியது கேரட் ஒன்றைப் பற்றித்தான். வெங்காயம் கறுப்பதும் அலகு நிறம் மாறுவதும் அந்த எஃகின் இயல்பு. அதற்கு வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். தாளைச் சர்ரென்று வெட்டுவதை மட்டும் நற்சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பத்து நிமிடம் பொறுமையாகக் கல்லில் தேய்த்தால் சாதாரண இரும்புத் தகடுகூடத் தாளை வெட்டும். கைமுடியை மழித்துக் காட்டுவதும் அப்படித்தான். கடைசியாகத் தேய்த்த கல்லின் திறமையை அது காட்டுமே தவிர, கத்தியைப் பற்றி ஒன்றும் சொல்லாது, கையும் கிழியும். கூர் வரும், போகும், மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். கத்தியோடு பிறந்து கத்தியோடு இருப்பவை இரண்டு: அலகின் கனம், அதாவது தடிமன்; எஃகின் பதம், அதாவது அது எவ்வளவு கடினம் என்பது. புதுக் கத்தியில் சோதிக்க வேண்டியவை இவையே. இவற்றுக்குக் கருவி எதுவும் பெரிதாக வேண்டாம். உங்கள் வீட்டுக் காய்கறிக் கூடை போதும்.

மலைப் பட்டறைக் கத்திகள் ஏன் கனத்துப் போகின்றன என்பதற்குக் காரணம் இருக்கிறது. நீலகிரியில் இரும்பு வேலை நேற்று வந்ததல்ல. படுகருக்கும் தோடருக்கும் வேண்டிய இரும்புச் சாமான்களைத் தலைமுறை தலைமுறையாக அடித்துக் கொடுத்தவர்கள் கோத்தர்கள். பிறகு தேயிலைத் தோட்டங்கள் வந்தன. கவாத்துக் கத்தி, கொத்து, மண்வெட்டி என்று பட்டறைகளின் வேலை தோட்டத்தைச் சுற்றியே அமைந்தது. கவாத்துக் கத்தி என்பது கட்டைவிரல் பருமனுள்ள தேயிலைத் தண்டை ஒரே வீச்சில் சாய்வாகச் சீவ வேண்டியது. தண்டு பிளக்கக்கூடாது, கத்தியின் வாய் மடங்கவும் கூடாது. அதற்கு விளிம்புக்குப் பின்னால் சதை வேண்டும். அந்த வேலையில் பழகிய கை, சமையல் கத்தி அடிக்கும்போதும் அதே சதையை விட்டுவிடுகிறது. மெல்லிசாக அடித்தால் உடைந்து திரும்பி வந்துவிடுமோ என்ற அக்கறையும் அதில் உண்டு. தேங்காய் உடைக்கவும் எலும்பு வெட்டவும் அதே கத்தியைத்தான் வீட்டில் எடுப்பார்கள் என்று கொல்லருக்குத் தெரியாதா என்ன! என்னிடம் சாணைக்கு வரும் பட்டறைக் கத்திகளில் எஃகு மோசம் என்று சொல்லத்தக்கவை குறைவு. கனம் குறைக்கப்படாதவைதான் அதிகம்.

இப்போது கேரட். இந்தச் சோதனையை ஒழுங்காகச் செய்து பாருங்கள். கேத்திப் பக்கத்திலிருந்து காலையில் வந்து இறங்கிய, விறைப்பான கேரட்டாக எடுத்துக்கொள்ளுங்கள். இது முக்கியம். சமவெளிக்குப் போய் நான்கு நாள் கிடந்து வதங்கிய கேரட் வளைந்து கொடுக்கும். கனமான கத்தியின் குறையை அது மறைத்துவிடும். தண்ணீர் கட்டிய புதுக் கேரட் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காது. மலையில் இருப்பவர்களுக்குக் கிடைத்த வசதி இது.

தடித்த பக்கத்தைப் பலகையில் வைத்து, கத்தியை முன்னும் பின்னும் இழுக்காமல் நேராக அழுத்தி இறக்குங்கள். காதைக் கொடுத்துக் கேளுங்கள். நல்ல கத்தி பலகையைத் தொடும்வரை சத்தம் போடாது. கனத்த கத்தி கொஞ்ச தூரம் மெல்ல இறங்கும். பிறகு 'டக்' என்று ஒரு சத்தம், துண்டு தெறித்துப் போகும். அந்தத் துண்டை எடுத்து வெட்டு முகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மேலே ஒரு பகுதி மெருகிட்டது போல் வழவழவென்று, ஈரமாக மின்னும். அதற்குக் கீழே பிறை வடிவில் மெல்லிய கோடு ஒன்று ஓடும். கோட்டுக்குக் கீழே முகம் மங்கி, சொரசொரவென்று, நார் தெரியும்படி இருக்கும். அடியில் ஒரு சிறு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். மின்னும் பகுதி, கத்தி வெட்டியது. மங்கிய பகுதி, கத்தி ஆப்பாக மாறி இரண்டு பக்கமும் தள்ளியதால் கேரட் தானாகப் பிளந்துகொண்டது. கோடு எவ்வளவு ஆழத்தில் விழுந்திருக்கிறதோ, ஏறக்குறைய அவ்வளவு உயரத்தில் அலகு கனக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். கோடு மேலேயே விழுந்திருந்தால் விளிம்புக்கு உடனடிப் பின்னாலேயே கனம். முக்கால்வாசிக்குக் கீழே விழுந்திருந்தால் கவலை வேண்டாம். பெரிய கேரட்டில் எந்தக் கத்தியும் அந்த அளவுக்குப் பிளக்கும்.

இந்த நிலையில் இன்னும் கூர் ஏற்றிப் பயனில்லை. விளிம்பு எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் அதன் பின்னால் வரும் தோள்தான் கேரட்டைப் பிளக்கிறது.

அளந்து பார்க்க விரும்பினால் ஏடிஎம் அட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கனம் 0.76 மில்லிமீட்டர். வெட்டும் வாயிலிருந்து அரை சென்டிமீட்டர் மேலே அலகைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மெல்லப் பிடித்துப் பாருங்கள். அதே போல் அட்டையையும் பிடித்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் காய்கறிக்கு அருமையான கத்தி. அட்டையைவிடச் சற்றுத் தடித்திருந்தால் பரவாயில்லை, எல்லா வேலைக்கும் ஆகும். இரண்டு மடங்கு தெரிந்தால் பட்டறைக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான். முதுகைப் பார்த்து எடை போடாதீர்கள். முதுகு 3 மில்லிமீட்டர் இருந்தும் கீழே அழகாகச் சரிந்து மெலியும் கத்திகள் உண்டு. முதுகு 2 மில்லிமீட்டரே இருந்தும் கீழ்வரை அப்படியே வரும் தகடுகளும் உண்டு.

மற்றக் காய்கள் ஒவ்வொன்றும் ஒன்றைச் சொல்லும். தக்காளித் தோல் கூரின் கடியைச் சொல்லும்: கத்தியின் எடையை மட்டும் வைத்து, விரலால் அழுத்தாமல், ஒரு இழுப்பு இழுங்கள். தோலில் வழுக்கினால் கூர் போய்விட்டது, அல்லது அளவுக்கு மேல் வழவழப்பாகத் தீட்டப்பட்டிருக்கிறது. முட்டைகோஸ் அலகின் நீளத்தையும் உங்கள் கையின் வசதியையும் காட்டும். கொத்தமல்லியும் பீன்ஸும் விளிம்பின் நேர்மையைக் காட்டும். பீன்ஸை நான்கைந்தாகச் சேர்த்து வைத்து வெட்டும்போது துண்டுகள் தோரணம்போல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தால், விளிம்பில் எங்கோ பள்ளம் இருக்கிறது. சாணைச் சக்கரத்தில் பிடிக்கும்போது ஒரே இடத்தில் அதிக நேரம் நின்றுவிட்டால் அந்தப் பள்ளம் விழும், கைப்பிடிக்கு அருகில்தான் பெரும்பாலும். சந்தேகம் இருந்தால், சமமான பலகையில் விளிம்பை வைத்து, பின்னால் விளக்கைக் காட்டி, அலகை முன்னும் பின்னும் உருட்டிப் பாருங்கள். இடையில் வெளிச்சம் கசியும் இடம்தான் குறை. பூண்டுப் பல் முனையின் கனத்துக்கு நல்ல சோதனை. பல்லை நசுக்காமல் மெல்லிய வில்லைகளாகச் சீவ முடிகிறதா என்று பாருங்கள். உருளைக்கிழங்கு அலகில் ஒட்டிக்கொண்டால் அது குறையல்ல, தட்டையான எந்த அலகிலும் ஒட்டும். முதுகுப் பக்கம் விட்டிருக்கும் சுத்தியல் தடம் கொஞ்சம் உதவும், அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். நூல்கோலும் பீட்ரூட்டும் கேரட் சொன்னதையே திருப்பிச் சொல்லும்.

இதையெல்லாம் தொடங்குவதற்கு முன் கத்தியைச் சோப்புப் போட்டு வெந்நீரில் கழுவியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சாணைத் தூளும் எண்ணெயும் அலகில் படிந்திருக்கும். துரு ஏறாமல் இருக்கச் சிலர் வார்னிஷ் பூசிக் கொடுப்பார்கள். அது இருந்தால் தின்னர் தொட்ட துணியால் துடைத்து, மறுபடி கழுவ வேண்டும். ஒரு உருளைக்கிழங்கை வில்லை வில்லையாக நறுக்கிக்கொண்டே போங்கள். வில்லைகளில் கறுப்புத் தூள் படிவது நிற்கும்வரை நறுக்கி, அவற்றைக் குப்பையில் போட்டுவிடுங்கள்.

கழுவியதும் வெளிச்சத்தில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, விளிம்பை உங்களுக்கு நேராகப் பிடித்து விளக்கடியில் மெல்ல அசைத்துப் பாருங்கள். கூரான விளிம்பு வெளிச்சத்தைத் திருப்பித் தராது. எங்கெல்லாம் புள்ளியாக, கோடாக மின்னுகிறதோ அங்கெல்லாம் விளிம்பு மழுங்கியோ மடங்கியோ இருக்கிறது. இன்னொன்று, விளிம்பை ஒட்டி நீலமோ ஊதாவோ படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். எஃகு சூடாகும்போது முதலில் வைக்கோல் நிறம் வரும், அது 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பம். நீலம் வருவது 300 டிகிரியை ஒட்டி. துவைச்சல் கொடுத்த, அதாவது சூடாக்கித் தோய்த்துக் கடினமாக்கிய, கத்தியின் விளிம்பு சக்கரத்தில் பிடிக்கும்போது நீலம் பாய்ந்திருந்தால் அந்த இடத்தில் பதம் இறங்கிவிட்டது. முதுகில் நீலம் இருந்தால் குற்றமில்லை. முதுகு மென்மையாக இருப்பது நல்லதே. கைப்பிடியையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். 'கடகட' என்றால் உள்ளே காம்பு ஆடுகிறது. மரத்துக்கும் இரும்புக்கும் நடுவே நகம் நுழையும் இடைவெளி இருந்தால் தேன்மெழுகை உருக்கி விட்டு அடைத்துவிடுங்கள். கைப்பிடிக்குள் தண்ணீர் புகுந்து காம்பு அரித்துப் போவதுதான் பட்டறைக் கத்திகள் வெளியே தெரியாமல் சாகும் வழி. முதுகின் ஓரங்கள் விரலை அறுத்தால் உப்புத்தாளால் நான்கு இழுப்பு இழுத்து மழுக்குங்கள். சின்ன வேலை, ஆனால் அரை மணி நேரம் தொடர்ந்து நறுக்குபவர்களுக்கு இதுதான் பெரிய வித்தியாசம்.

அடுத்தது பதம். இதைக் கண்ணால் பார்க்க முடியாது, வேலை வாங்கித்தான் தெரிந்துகொள்ள முடியும். லாரி ஸ்பிரிங் எஃகில் கார்பன் 0.6 சதவீதத்தை ஒட்டி இருக்கும். 800 டிகிரிக்கு மேல் சூடாக்கி எண்ணெயில் தோய்த்தால் கண்ணாடி மாதிரி கடினமாகிவிடும். அப்படியே விட்டால் உடையும். அதனால் மறுபடி 200 டிகிரியை ஒட்டிய இளஞ்சூட்டில் வைத்து இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்துவார்கள். இரண்டாவது சூடு குறைந்தால் விளிம்பு பொரியும், கூடினால் மடங்கும். கொல்லரின் கண்ணும் உலையின் வெளிச்சமும் சேர்ந்து தீர்மானிக்கிற விஷயம் இது. நல்ல கொல்லர்கள் வெயிலில் துவைச்சல் கொடுக்கமாட்டார்கள். நிழலில்தான் எஃகின் நிறம் சரியாகத் தெரியும்.

வீட்டில் இதற்கு ஒரு சோதனை உண்டு. ஹார்டுவேர் கடையில் கால் அங்குலப் பருமனுள்ள பித்தளைக் கம்பித் துண்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதை மேசைமேல் வைத்து, கத்தியைக் கல்லில் தீட்டும் கோணத்தில் சாய்த்து, கம்பியின்மேல் விளிம்பை மெல்ல அழுத்துங்கள். விளிம்பு கம்பியின் வடிவத்துக்கு இம்மியளவு வளைவது வெளிச்சத்தில் தெரியும். அழுத்தத்தை எடுத்ததும் வளைவு நிமிர்ந்துவிட்டால் பதம் சரி. வளைந்தது வளைந்தபடியே நின்றால் எஃகு மென்மை. பொடியாக உதிர்ந்தால் கடினம் அதிகம். கையின் எடைக்கு மேல் அழுத்த வேண்டாம். குழந்தைகள் பக்கத்தில் இல்லாதபோது செய்யுங்கள்.

ஆனால் இந்தச் சோதனையை முதல் நாளே செய்து தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். சக்கரத்தில் பிடித்த கத்தியின் முதல் விளிம்பு அந்த எஃகின் உண்மையான விளிம்பு அல்ல. கடைசித் தீட்டலில் மயிரிழை அளவுக்கு விளிம்பு சூடாகி இளகியிருக்கும். அது நீலம் பாயும் அளவுக்கு இல்லாததால் கண்ணுக்குத் தெரியாது. "இரண்டு நாளில் கூர் போய்விட்டது, ஏமாற்றிவிட்டார்கள்" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த முதல் விளிம்பை வைத்துத்தான் சொல்கிறார்கள். தண்ணீர் தொட்ட கல்லில் இரண்டு மூன்று முறை தீட்டி அந்த மேல் எஃகு தேய்ந்து போன பிறகே உள்ளே இருக்கும் நல்ல எஃகு வெளியே வரும். அதன் பிறகு ஒரு வாரம் வழக்கமான சமையலுக்கு மட்டும் பயன்படுத்துங்கள், இடையில் தீட்டாதீர்கள். தினமும் ஒரு தக்காளியில் பார்த்துக்கொண்டே வாருங்கள். ஒரு வாரம் கழித்தும் தக்காளித் தோல் அழுத்தாமல் அறுபட்டால், அந்தக் கொல்லரின் கைக்கு மரியாதை செய்யுங்கள்.

தீட்டுவது எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அதில்லாமல் இந்தப் பதில் நிறைவடையாது. ஹார்டுவேர் கடைக் கல்லே போதும், ஒரு பக்கம் கரடு, மறுபக்கம் மென்மை. கல்லைப் பத்து நிமிடம் தண்ணீரில் போட்டு எடுங்கள். கோணம் 15 பாகைக்கும் 20 பாகைக்கும் நடுவே இருக்கட்டும். அலகின் அகலம் 45 மில்லிமீட்டர் என்றால், முதுகைக் கல்லிலிருந்து 12 மில்லிமீட்டர் உயர்த்திப் பிடித்தால் 15 பாகை வந்துவிடும். ஒரு பக்கத்தை முனையிலிருந்து கைப்பிடிவரை தேய்த்துக்கொண்டே வாருங்கள். மறுபக்கத்தில் விரல் நுனியை விளிம்பிலிருந்து வெளிப்பக்கமாக ஓட்டினால் ஒரு பிசிறு தட்டுப்பட வேண்டும். முழு நீளத்துக்கும் பிசிறு எழும்பாமல் பக்கத்தை மாற்றாதீர்கள். இதில் அவசரப்படுவதால்தான் பலருக்குக் கூர் ஏறுவதில்லை. இரு பக்கமும் முடித்து, மென்மையான பக்கத்தில் லேசான கையோடு மாற்றி மாற்றி இழுத்து, கடைசியாக மடித்த செய்தித்தாளில் முதுகு முன்னே போகும்படி பத்துப் பதினைந்து முறை துடைத்தால் பிசிறு விழுந்துவிடும். தாளை வெட்டிப் பார்க்கும் சோதனை இந்தக் கட்டத்தில்தான் உதவும்: தாள் எங்கே மாட்டுகிறதோ அங்கே பிசிறு மிச்சம் இருக்கிறது. அன்றாடம் தொட்டுக்கொள்ளப் பீங்கான் கோப்பையின் அடியில் மெருகேறாத வளையம் இருக்குமே, அதில் இரண்டு இழுப்பு போதும்.

இப்போது அத்தையின் புகார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. துருப்பிடிக்காத எஃகில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும். கடைக் கத்திகளில் 13 சதவீதத்தை ஒட்டி. உங்கள் ஸ்பிரிங் எஃகில் அது பெயருக்குத்தான். புது அலகில் இரும்பு திறந்து கிடக்கிறது. வெங்காயச் சாறு, எலுமிச்சை, மாங்காய், வாழைப்பூ, வாழைக்காய் எது பட்டாலும் வினை நடக்கும். காயும் கறுக்கும், வாடையும் வரும். இரும்புச் சட்டியில் வைத்த புளிக்குழம்பு கறுப்பது போலத்தான் இது, உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆனால் சாலட்டுக்கு வெட்டிய வெங்காயம் சாம்பல் பூத்திருந்தால் யாருக்குச் சாப்பிடத் தோன்றும்?

சாம்பல் நிறத் திட்டுகளைத் தேய்த்துப் போக்காதீர்கள். அதுதான் மருந்து. சமைக்கச் சமைக்க அலகு முழுவதும் சாம்பலும் நீலமுமாக ஒரு படலம் மூடிவிடும். மூடிய பிறகு வினை அடங்கிவிடும், வாடையும் போய்விடும். தேய்த்து வெள்ளையாக்கினால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கும். கையில் படும் செந்துரு வேறு. அதை மட்டும் பாத்திரம் தேய்க்கும் பொடியும் கார்க்கும் வைத்துத் தேய்த்து எடுத்துவிட வேண்டும்.

அத்தை காத்திருக்கமாட்டார் என்றால் அந்தப் படலத்தை ஒரே நாளில் ஏற்றலாம். அதற்கு வேண்டிய பொருள் உங்கள் வீட்டைச் சுற்றியே விளைகிறது. அரை லிட்டர் தண்ணீரில் நான்கைந்து கரண்டி டஸ்ட் டீத்தூளைப் போட்டுக் கொதிக்க வைத்து, கசக்கும் அளவுக்குக் கெட்டியான டிகாஷன் இறக்குங்கள். ஆறியதும் வடிகட்டி, இரண்டு மூன்று கரண்டி வினிகர் சேர்த்து, உயரமான ஜாடியில் ஊற்றுங்கள். கத்தியில் எண்ணெய்ப் பசையே இல்லாமல் சோப்பால் கழுவி, கைப்பிடி நனையாமல் அலகை மட்டும் மூழ்கும்படி நிறுத்துங்கள். ஒரு மணி நேரத்தில் எடுத்துப் பாருங்கள். தேயிலையின் துவர்ப்புச் சத்தான டானினும் இரும்பும் சேர்ந்து அலகு கருநீலமாக மாறியிருக்கும். திட்டுத் திட்டாக இருந்தால் கழுவித் துடைத்து இன்னொரு முறை வையுங்கள். பிறகு கழுவி, உலர்த்தி, எண்ணெய் தடவுங்கள். வெங்காயம் கறுப்பது பெருமளவு குறைந்துவிடும். முற்றிலும் நிற்காது; ஊறுகாய் மாங்காய்க்கும் எலுமிச்சைக்கும் பழைய கடைக் கத்தியே இருக்கட்டும். தீட்டிய பிறகு விளிம்பு மட்டும் வெள்ளையாகத் தெரியும், அது இரண்டு நாளில் தானே நிறம் மாறிவிடும்.

ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மூடுபனியும் மழையும் மாறி மாறி வரும்போது துணிகூடக் காயாது. அந்த மாதங்களில் கத்தியைக் கழுவி ஸ்டாண்டில் செருகி வைத்தால் காலையில் துரு நிச்சயம். கழுவியவுடன் துடைத்து, அலகு நான்கு பக்கமும் காற்றுப்படும்படி வையுங்கள். எண்ணெய்க்குத் தேங்காய் எண்ணெய் நல்லது; மற்றச் சமையல் எண்ணெய்கள் நாளாக நாளாகப் பிசுபிசுத்துப் பிடித்துக்கொள்ளும். 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறைந்துவிடுவதால் மலையில் வருடத்தின் பெரும்பகுதி அது களிம்பாகவே இருக்கும். விரலில் துளி எடுத்துத் தடவ அதுவே வசதி. யூகலிப்டஸ் தைலத்தை இதற்குத் தடவாதீர்கள், ஆவியாகிப் போய்விடும். ஆனால் வாழைக்காய்ப் பால், சௌசௌ பிசின் போன்றவை அலகில் ஒட்டினால் அந்தத் தைலம் தொட்ட துணி ஒரே துடைப்பில் எடுத்துவிடும், பிறகு சோப்பு.

ஈரம் போகட்டும் என்று கத்தியை கேஸ் அடுப்பில் காட்டும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். மெல்லிய விளிம்பு சில நொடிகளில் 200 டிகிரியைத் தாண்டிவிடும். கொல்லர் பார்த்துப் பார்த்துக் கொடுத்த பதம் அங்கே போய்விடும். அதே போல், வெல்லம் உடைப்பது, உறைந்த கறியைப் பிளப்பது, டப்பா மூடி நெம்புவது, பூசணியில் இறக்கிவிட்டுப் பக்கவாட்டில் திருகுவது எல்லாம் இந்தக் கத்திக்கு ஆகாது. கடப்பைக்கல் மேடையில் நேராக வைத்து வெட்டவும் கூடாது. மரப்பலகை வேண்டும், கறிக்கடையில் பார்க்கும் புளியமரக் கட்டையில் மெல்லிய துண்டு கிடைத்தால் வேறு தேட வேண்டாம்.

இவ்வளவும் பார்த்த பிறகும் கேரட் பிளந்தால் பட்டறைக்குப் போங்கள். கூர் போதவில்லை என்று சொல்லாதீர்கள். சொன்னால் சக்கரத்தில் இன்னொரு பிடி பிடித்துக் கொடுத்துவிடுவார், பிரச்சினை அப்படியே இருக்கும். பிளந்த கேரட் துண்டைக் கையோடு எடுத்துப் போய் அந்தக் கோட்டைக் காட்டுங்கள். "அண்ணா, கவாத்துக் கத்திக் கனம் வேண்டாம், காய் நறுக்க மட்டும்தான். வாயிலிருந்து ஒரு விரல் உயரத்துக்கு இரண்டு பக்கமும் சதையை எடுத்துக் கொடுங்கள், நீலம் பாயாமல் தண்ணீர் தொட்டுத் தொட்டுப் பிடியுங்கள்" என்று கேளுங்கள். விளிம்பு மடங்குகிறது என்றால் மறுபடி துவைச்சல் கொடுக்கச் சொல்லலாம், பொரிகிறது என்றால் இளஞ்சூட்டில் மீண்டும் வைக்கச் சொல்லலாம். கைப்பிடியைக் கழற்றிப் பூட்டும் கூலியைத் தனியாகக் கொடுத்துவிடுங்கள். எந்தக் காய்க்கு என்ன ஆகிறது என்று சொல்லிக் கேட்கும் வாடிக்கையாளர் கொல்லருக்கு அபூர்வம். நீங்கள் சொன்னது அடுத்த கத்தியை அவர் அடிக்கும்போதும் நினைவில் இருக்கும்.